மதலேன் வேஷம்

— அசையாம நில்லுப்பா. கொசுவம் நிக்கல, சரிஞ்சி சரிஞ்சி வருது.

— இன்னும் கொஞ்சம் தூக்கிக் கட்டு பாப்பா. போன வருஷம் பாஸ்கா நாடகத்துல பொடவ தடுக்கிக்கினு ராயப்பர் வேஷம் கட்டினவன் மேலயே போயி வுழுந்தேன். ஊரே சிரிச்சுது.

— சிரிச்சது மட்டுமா? பாவிப் பொம்பள மதலேன் வந்துட்டாள்னு மல்லாட்டைக் கடலைத் தோல வாரி வாரி வீசுனாங்க. தோலோட மண்ணாங்கட்டியும் வந்துச்சு. இந்த வருஷம் நீ போவாதப்பா. திண்டிவனம் கேம்ப்புல கண்ணு ஆபரேஷன் பண்ணி முழுசா ரெண்டு மாசம் ஆவல. கண்ணுல தூசி கூடப் படக் கூடாதுன்னு டாக்டரு சொன்னாரா இல்லியா?

— அதான் பாரு, கறுப்புக் கண்ணாடி குடுத்திருக்காரே. போட்டுக்கினு போறேன்.

— மதலேனம்மாள் கூலிங் கிளாஸ் போட்டுக்கினா? நல்லாருக்கும் போ!

— ஏன், ஆண்டவரு காலத்துல வெயிலு அடிக்கலியா?

— சிரிக்காதப்பா, எனக்குப் பத்திக்கினு வருது. ஊர்ல நாலு பேரு மதிக்கற மனுஷன் நீ. வருஷா வருஷம் பொம்பள வேஷம் கட்டிக்கினு போயி அடி வாங்கறியே, இன்னா தலையெழுத்து? அதுவும் உம் பொண்ணு நான் பட்டணத்துல உக்காந்துக்கினு பைபிள்ல வர்ற அந்த மதலேனம்மாளப் பத்தியே ஆராய்ச்சி பண்ணிக்கினு இருக்கறப்ப!

— ஆராய்ச்சியில இன்னாதான் கண்ட, சொல்லு. ஊக்கு குத்திக்கினே சொல்லு.

— அவங்க தப்பான பொம்பளையே இல்லப்பா. ஆண்டவரு கூடவே நடந்த சீஷி. அவரு பாதத்தத் தலைமுடியால தொடச்ச பாவிப் பொண்ணு வேற, அவளுக்கு சுவிசேஷம் எழுதின லூக்காஸ் பேரே போடல. அடுத்த பக்கத்துல, ஏழு பேய் நீங்கின மதலேன்னு இவங்க வர்றாங்க. எத்தினியோ நூறு வருஷம் கழிச்சி ஒரு போப்பாண்டவர் பிரசங்கத்துல ரெண்டு பேரையும் ஒண்ணாக்கிட்டாரு. அதப் புடிச்சிக்கினு இன்னி வரைக்கும் நாம தோல வீசிக்கினு இருக்கோம்.

— அப்ப பேய் புடிச்சது மட்டும் நெசமா?

— அந்தக் காலத்துல எந்த நோவு வந்தாலும் பேயின்னுதாம்பாங்க. வலிப்பா இருந்திருக்கலாம். மனசு ஒடிஞ்சி போனதா கூட இருந்திருக்கலாம்.

— வலிப்பா இருக்குமா...

— இன்னாப்பா, மூஞ்சி சுருங்கிப் போச்சு? ஊக்கு குத்திடுச்சா?

— இல்ல பாப்பா. மேலத்தெரு இருதயமேரிய நெனச்சிக்கினேன்.

— பத்தாவது படிக்குதே, அந்தப் பொண்ணா? அதுக்கு இன்னா?

— பொங்கலுக்கு அப்புறம் அதுக்குக் கைகால் வெட்டி வெட்டி இழுக்குது, வாயில நுரை தள்ளுது. நம்ம கோயில் உபதேசியார் சவுரிராயன் பேயின்னு சொல்லிட்டாரு. நம்ம ஊர்ல ஒரு பழைய வழக்கம் உண்டு, நீ பார்த்ததில்ல. பேய் புடிச்ச பொண்ண பாஸ்கா மேடையில மதலேனா உக்கார வெச்சி, தலைய விரிச்சி வுட்டு, ஊரே மல்லாட்டைத் தோல வீசி அடிக்கும். மதலேனுக்குப் போன மாதிரி இதுக்கும் போயிடுமாம்.

— சேசு மரி சூசையே! பங்குச் சாமியார் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?

— அவரு நாலு ஊருக்கு ஒருத்தரு. ராத்திரி பூசைக்குத்தான் வருவாரு, நாடகத்துக்கு எங்க வர்றாரு? அதான் பாரு, வேஷம் நான் கட்டிக்கினு இருக்கற வரைக்கும் எடம் காலியில்ல. கண்ணு வலிக்குதுன்னு நான் ஊட்டுல குந்திக்கினா, இன்னிக்கு சாயங்காலமே அந்தப் புள்ளைய இட்டுக்கினு போயி உக்கார வெச்சிடுவாங்க.

— இத்தினி வருஷமும் அதுக்குத்தான் போனியா?

— வேற எதுக்கு? எனக்கின்னா பொடவ கட்டிக்கணும்னு ஆசையா?

— அய்யோ, அப்பா... தெரியாம உன்னைத் திட்டிட்டேனே. இரு, நானே போயி உபதேசியார்கிட்ட பேசறேன். அது வலிப்பு, விழுப்புரத்துல டாக்டரு இருக்காரு, மாத்திரை இருக்குதுன்னு சொல்றேன்.

— போயி பேசு. பொட்டப்புள்ள நீ எங்களுக்கு வேதம் சொல்ல வந்துட்டியான்னு கேப்பாரு.

— அதேதாம்ப்பா ராயப்பரும் கேட்டாரு!

— எந்த ராயப்பர்? ஆண்டவரோட தலைமைச் சீஷரு, மோட்ச சாவி வெச்சிருக்கற நம்ம ராயப்பரா?

— அவரேதான். எகிப்து தேசத்துல ஒரு பழைய ஏடு கெடைச்சிருக்குது. ஞானவாதிங்கன்னு ஒரு கூட்டம், திருச்சபை அவங்கள சேத்துக்கல. அவங்க வெச்சிருந்தது. மதலேனம்மா பேர்லயே ஒரு சுவிசேஷம். முன்பக்கம் காணோம், நடுவுலயும் கொஞ்சம் காணோம். இருக்கறத சொல்றேன் கேளு. ஆண்டவரு போயிட்டாரு. அவரையே கொன்னவங்க நம்மள வுடுவாங்களான்னு சீஷருங்க எல்லாம் அழுவறாங்க. அப்ப இவங்கதான் எழுந்திரிக்கறாங்க. அழுவாதீங்க, ரெண்டு மனசா நிக்காதீங்க, அவரு கிருபை உங்ககூடவே இருக்கும்னு தேத்தறாங்க.

— அவ்ளோ ஆம்பளைங்களுக்கும் அந்தம்மாதான் தைரியம் சொன்னாங்களா?

— ஆமா. அப்புறம் அவரு தனக்குச் சொன்னதையெல்லாம் எடுத்துச் சொல்றாங்க. கேட்டுட்டு ராயப்பருக்குக் கோவம் வந்துடுச்சு. நமக்குத் தெரியாம ஒரு பொம்பளைகிட்டயா பேசினாரு, இவ பேச்சை நாம கேக்கணுமான்னுட்டாரு.

— அந்தம்மா இன்னா பண்ணாங்க?

— அழுதாங்க. நானா கட்டிச் சொல்றேன்னு நெனைக்கிறியான்னு கேட்டாங்க.

— எவனும் கூட நிக்கலியா பாப்பா?

— ஒருத்தர் நின்னாரு. லேவின்னு. ராயப்பா, உனக்கு எப்பவும் இந்தக் கோவந்தான், ஆண்டவரே அவங்கள மதிச்சாரு, தள்றதுக்கு நீ யாருன்னு கேட்டாரு.

— போதும். ஒருத்தன் நின்னான் இல்ல, போதும்.

— இன்னாப்பா, அழுவறியா? ஆபரேஷன் கண்ணுப்பா!

— தூசி.

— ஊட்டுக்குள்ள ஏது தூசி? அப்பா, நெசத்தச் சொல்லு. பொண்ண உக்கார வெச்சி அடிச்சத நீ கண்ணால பார்த்திருக்க.

— ஒரே ஒரு வருஷம். எனக்கு அப்ப கல்யாணம் ஆவல. பெட்ரமாக்ஸ் லைட்டு புடிக்கற வேலை எனக்கு. அந்தப் பொண்ணு தோலு அடியில மூச்சு முட்டி, வெளிச்சத்தப் பார்த்து, என்னையே பார்த்துச்சு. நான் லைட்ட அணைச்சிட்டேன். இருட்டுல ஒருத்தனுக்கும் குறி தெரியல. எனக்கு நல்ல உதை. மறுவருஷம் மதலேன் வேஷம் எனக்குத்தான்னு போயி நின்னுட்டேன்.

— யாருப்பா அந்தப் பொண்ணு?

— அத வுடு. அவங்களா சொல்லாதத நான் சொல்லக் கூடாது.

— இந்தா, அவருகிட்ட எதுக்குக் கேக்கற? என்னைக் கேளு.

— அம்மா! தலைவலின்னு உள்ள படுத்துக்கினு இருந்தியே?

— பாஸ்கா அன்னிக்கு எனக்கு எந்த வருஷமும் தலைவலி வந்ததில்ல செல்வி. இவரு இந்தப் பொடவையோட வாசப்படி தாண்டறத என்னால பார்க்க முடியாது, அதான் படுத்துக்குவேன்.

— லூர்து, வேணாம். நீ உள்ள போ.

— நீங்க சும்மா இருங்க. செல்வி, அந்த முந்தானையப் பாரு. அது அன்னிக்கு மேடையில நான் கட்டிக்கினு இருந்த பொடவ. எனக்குப் பதினேழு வயசு. காது, மூக்கு, வாயெல்லாம் தோலு. லைட்டு அணைஞ்சப்பதான் மூச்சு வுட்டேன்.

— நீயாம்மா? உனக்கா வலிப்பு?

— உங்கப்பா என்னைக் கட்டிக்கினு, மாசா மாசம் விழுப்புரத்துக்கு பஸ்சுல இட்டுக்கினு போனாரு. அந்த மாத்திரையிலதான் நின்னுச்சு. நீ அத சத்து மாத்திரைன்னு நெனச்சிக்கினு இருந்த.

— அம்மா... என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?

— சொல்ல வெக்கமா இருந்துச்சுடி. இப்ப நீ அந்தம்மா எழுந்து நின்ன கதைய சொன்ன பாரு, தட்டிக்குப் பின்னால நின்னு கேட்டுக்கினே இருந்தேன். எனக்கு எதுக்கு வெக்கம்னு தோணிடுச்சு.

— நேரமாவுது லூர்து. ராத்திரி வந்து பேசிக்கலாம். பாப்பா, பவுடர் டப்பா எங்க?

— பவுடர் வேணாம். பொடவைய அவுருங்க.

— பேஜாரு பண்ணாதடி. நான் போகலன்னா இருதயமேரிய உக்கார வெச்சிடுவாங்க.

— எடம் காலியா இருக்கக் கூடாது, அவ்ளோதான? அந்த எடத்துக்கு நான் போறேன். செல்வி, அந்தம்மா சொன்னாங்களே, மேடையில நான் சொல்றதுக்கு அத இன்னொரு வாட்டி சொல்லிக் குடு.

— அழுவாதீங்க, ரெண்டு மனசா நிக்காதீங்க... அம்மா, வேணாம்மா, உன்னை அடிப்பாங்க!

— லூர்து, சொன்னா கேளு. தோல வீசுவாங்க.

— வீசட்டும். நீங்க அந்த பெட்ரமாக்ச எடுத்துக்கினு வந்து என் பக்கத்துல நில்லுங்க, இந்த வாட்டி அணைக்காதீங்க. தெனமும் சத்துணவுக் கூடத்துல என் கையால சோறு வாங்கித் திங்கற புள்ளைங்கள்ல, எவன் என் மேல தோலத் தூக்கறான்னு நான் மூஞ்சியப் பார்க்கணும்.