சோலையம்மா கலிங்கு

உக்காருங்க தம்பிகளா. கம்ப்யூட்டரே மழையைக் கணிச்சு, கலிங்கு ஷட்டரத் தானாத் தூக்கும், தானா இறக்கும்னு சொல்றீக. மாட்டுங்க, வேணாங்கல. அதுக்கு முந்தி இந்தக் கலிங்குக்கு ஏன் சோலையம்மா பேருன்னு கேட்டுக்கங்க.

இந்தத் தார்ரோடு வராத காலம். வெள்ளைக்காரன் பேரே காதுல விழாத காலம். இதே நெடுங்கரைக்குறிச்சியில இருளப்ப ஆசாரி, இருளப்ப ஆசாரின்னு ஒருத்தர் இருந்தாராம். அவரு சொன்னா மரம் கேக்கும்பாக. பொண்டாட்டி இல்ல. ஒரே மக, சோலையம்மா.

கண்மாய் நெறஞ்சா மிச்சத் தண்ணி வெளிய போற வாசல்தான் கலிங்கு. அதுல பலகை போட்டுத் தண்ணியத் தேக்குவாக. அந்தப் பலகைய எவனாச்சும் உருவிவிட்டு, தண்ணியத் தன் வயலுக்குத் திருப்பிக்கிட்டே இருந்தானாம். ஊரு கூடி, "ஆசாரி, இனி எவனும் தெறக்க முடியாதபடி ஒண்ணு செஞ்சு குடுங்க"ன்னுச்சு.

செஞ்சாரு. பலகைய ஒண்ணோட ஒண்ணு கவ்வவிட்டு, உள்ளுக்குள்ள ஒரு மறைவுத் தாழ்ப்பா வச்சாரு. எங்க அமுக்கணும், எந்தப் பக்கம் திருப்பணும்னு அவருக்கு மட்டுந்தான் தெரியும். இளவட்டம் அம்புட்டும் வந்து இழுத்துப் பாத்துச்சாம். அசையல. ஊரே கொண்டாடுச்சு.

மக மட்டும் கேட்டாளாம். "ஏய்யா, நீ வெளியூரு போயிட்டா யாருய்யா தெறப்பா?"

"மழைக்காலத்துல நான் எங்க ஆத்தா போகப் போறேன்?"னு சிரிச்சாராம்.

போனாரு. கூடப் பொறந்த அக்கா செத்துப் போச்சுன்னு சேதி வந்தா போகாம இருக்க முடியுமா? ஆத்துக்கு அக்கரை ஊரு. அவரு போன பெறகு பிடிச்சுச்சு மழை. ஆத்துல வெள்ளம். திரும்ப வழியில்ல.

இங்க கண்மாய் தளும்புது. கரை கசியுது. ஆளுக ஓடியாந்து பலகைய இழுக்குறாக, வரல. கடப்பாரை போட்டு நெம்புறாக, வரல. கோடாலியப் போட்டா, வைரம் பாஞ்ச மரம், கோடாலி திரும்பி வருது. அம்புட்டு நல்லாச் செஞ்சு வச்சிருக்காரு மனுசன்!

சோலையம்மா சேலைய வரிஞ்சு கட்டிக்கிட்டு எறங்குனாளாம். "எங்கய்யா செஞ்சது. பக்கத்துல நின்னு பாத்திருக்கேன்." தண்ணிக்குள்ள கையவிட்டுத் தடவுறா. "இந்தா, அம்புட்டுருச்சு"ங்குறா. இல்ல. "இந்தா, வந்துருச்சு"ங்குறா. இல்ல. கரையில நின்னவுக, "ஏறி வந்துரு தாயி"ன்னு கத்துறாக.

"கொஞ்சம் பொறுங்க, எங்கய்யாவுக்குக் கெட்ட பேரு வந்துரும்"னாளாம்.

பக்கத்துக் கரை அப்பிடியே சரிஞ்சுச்சு. கலிங்கு நின்னுச்சு. பிள்ளை போயிருச்சு.

வெள்ளம் வடிஞ்சு அவரு வந்தாரு. கரையக் காணோம், தாழ்ப்பா மட்டும் பூட்டுனபடி இருக்கு. யாரும் அவர ஒரு வார்த்தை வையல. ஊரு கேட்டுத்தான செஞ்சாரு? குனிஞ்சு மரத்தத் தொட்டாராம். நகம் பிறாண்டுன தடம். அமுக்க வேண்டிய எடத்துக்கு ஒரு விரக்கடை தள்ளி.

"கிட்ட வந்துட்டியே ஆத்தா, கிட்ட வந்துட்டியே"ன்னு அந்த மரத்தக் கட்டிக்கிட்டு அழுதாராம்.

பெறகு அவரு கையாலயே அதப் பேத்து எறிஞ்சாரு. "தண்ணி திருடு போகுமே ஆசாரி"ன்னாக. "போகட்டும். தண்ணி அடுத்த மழைக்கு வரும்"னாரு. ஊரு கரைய அடைச்சதும் புதுப் பலகை போட்டு, கரைமேல நின்னு இழுக்கக் கயிறு கட்டுனாரு. கண்மாயில மறுபடி தண்ணி ஏறுனதும், அப்ப ஊருக்கு வாக்கப்பட்டு வந்திருந்த ஒரு பொண்ணு, கண்மாயவே பாக்காத பொண்ணு, அதக் கூட்டியாந்து, "தெற தாயி"ன்னாரு. எப்பிடின்னு சொல்லல. அதால முடியல. இழைச்சாரு. மறுக்கா முடியல. மறுக்கா இழைச்சாரு. ஒருவழியாப் பலகை எந்திரிச்சுத் தண்ணி பாஞ்சுச்சு. பொண்ணு சிரிச்சுச்சு.

அவரு தண்ணியப் பாத்து, "சோலையம்மா... தெறந்துருச்சு ஆத்தா, தெறந்துருச்சு"ன்னு கத்துனாராம்.

அதுலருந்து வருசா வருசம் புரட்டாசியில, ஊருக்குக் கடைசியா வந்த மருமகதான் தெறக்கணும். யாரும் சொல்லிக் குடுக்கக் கூடாது. அவளால முடியலன்னா குத்தம் அவ மேல இல்ல, செஞ்ச பொருளு மேல.

இந்தா நிக்குதே பவளம், இது ஆவணியில வந்த மருமக. மாட்டி முடிச்சதும் ஒங்க மிஷினுக்குக் கரண்ட்ட அமத்திட்டுத் தள்ளி நில்லுங்க. பவளம் தன் கையால தெறக்கட்டும். தெறந்துச்சுன்னா நாங்க எல்லாரும் தண்ணியப் பாத்து அந்தப் பேரச் சொல்லிக் கத்துவோம். நீங்களும் கத்துங்க. கத்திட்டு ஒடனே கெளம்பிறாதீக. அன்னைக்கு அவரு, பதிலு வருதான்னு ரொம்ப நேரம் அங்கயே நின்னாராம். நாங்களும் கொஞ்ச நேரம் நிப்போம்.