ஊசி எடுக்கும் வரை

— நான் வரமாட்டேன்னு சொல்லல, இன்னிக்கு வேணாம்னுதான்...

— இன்னிக்கு வேணாம், நாளைக்கு வேலை இருக்கு, அடுத்த வாரம் மழை...

— என்னைக் கொஞ்சம் பேச விடு.

— பேச விட்டா பேசிக்கிட்டே படி இறங்கிடுவீங்க. முப்பது வருஷமா பாக்கறேன். செருப்பைக் கழட்டுங்க.

— செருப்பு இருக்கட்டுமே. அது உன்னை என்ன பண்ணுது?

— செருப்பு மாட்டியிருந்தா உங்களுக்கு ஒரு கால் வாசல்லதான் இருக்கும். கழட்டுங்க.

— மெதுவா பேசு. அந்தப் பொண்ணு பாக்குது.

— பாக்கட்டும். வணக்கம் டாக்டர். நேத்து ஃபோன்ல பேசினேனே, சிகரெட்டை விடறதுக்கு. இவருதான்.

— வாங்கம்மா. வாங்க ஐயா. இந்த சாய்வு நாற்காலியில உக்காருங்க. பயப்பட ஒண்ணும் இல்ல.

— பயமா? லிஃப்ட் மெக்கானிக்மா நான். எட்டு மாடிக் குழியில ஒத்தக் கம்பியைப் பிடிச்சுத் தொங்கினவன். ஊசிக்கா பயப்படுவேன்?

— ஊசிக்கு இல்ல டாக்டர். உக்காரறதுக்குத்தான் பயம்.

— கீழ டயர் கடை, மேல அக்குபஞ்சர். இடம் பாத்துத்தான் பிடிச்சிருக்கீங்க.

— இந்த ஜோக்கை வர்றவங்க எல்லாரும் சொல்லுவாங்க ஐயா. ஒரு நாளைக்கு எத்தனை பிடிப்பீங்க?

— என்ன... ஒரு அஞ்சு, ஆறு இருக்கும்.

— பத்துன்னு எழுதிக்குங்க டாக்டர்.

— நீ கூட நின்னு எண்ணினியா?

— எண்ணித்தான் தெரியணுமா? சாயங்காலம் ஆனா கீழ இறங்கிடுவாரு. மேல வர ரொம்ப நேரம் ஆகும்.

— நாக்கை நீட்டுங்க ஐயா. ம்... நல்லா இருக்கே. சிகரெட் பிடிக்கறவங்களுக்கு இவ்வளவு சுத்தமா...

— நல்லா தேய்ச்சுக் கூட்டிட்டு வந்திருக்கேன்.

— பாத்திரம் தேய்ச்ச மாதிரி சொல்றா.

— விரல்லயும் மஞ்சள் இல்லையே.

— கிரீஸ் போக மண்ணெண்ணெய்ல கழுவற கைம்மா. எல்லாம் அதோட போயிடும்.

— சரி. சட்டைப்பையில இருக்கற பாக்கெட்டை அந்தக் கூடையில போட்டுடுங்க. இங்க வர்றவங்க எல்லாரும் போட்டுட்டுத்தான் உக்காருவாங்க.

— அது... இருக்கட்டும்மா.

— ஓரமெல்லாம் நைஞ்சு போயிருக்கு. இந்த அட்டை இப்பக் கடையில வர்றதே இல்லையே?

— எங்க கடைக்காரன்கிட்ட பழைய சரக்கு.

— என்கிட்டக் குடுங்க டாக்டர். நான் வெச்சுக்கறேன்.

— சரிம்மா. ஒவ்வொரு காதுக்கும் அஞ்சு ஊசி. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

— அந்தச் சுவத்துப் படம் என்னம்மா? காதுக்குள்ள ஒரு குழந்தை தலைகீழா கிடக்குது.

— எங்க கணக்கு அப்படித்தான் ஐயா. காதை ஒரு குழந்தையா பாக்கறது. தோடு போடற இடம் தலை. நடுக்குழிதான் நுரையீரல். சிகரெட்டுக்கு அங்கதான் முக்கியமா குத்துவோம்.

— ஆழமாவே குத்துங்க டாக்டர். இத்தனை வருஷமா நான் சொன்னது எதுவும் அந்தக் காதுக்குள்ள போனதில்ல. ஓட்டை போட்டாலாவது போகுதான்னு பாப்போம்.

— தையக்காரி புத்தி. ஓட்டை போட்டாத்தான் நூல் போகும்னு சொல்லுவா.

— ஆச்சு. இனிமே முக்கால் மணி நேரம் எந்திரிக்கக் கூடாது, தலையைத் திருப்பக் கூடாது. பேச்சையும் குறைச்சுக்குங்க.

— அவரு பேசமாட்டாரு டாக்டர். அதுக்கு நான் உத்தரவாதம்.

— திரைக்கு அந்தப் பக்கம்தான் இருப்பேன். வேணும்னா கூப்பிடுங்க.

— அங்க யாரோ குறட்டை விடற மாதிரி இருக்கு?

— அவரு சிகரெட்டை விட்டு ஆறு மாசமாச்சு ஐயா. இப்ப தூங்கறதுக்குன்னு வர்றாரு.

— குடுத்து வெச்ச ஆளு. பக்கத்துல யாரும் இல்ல போல.

— வலிக்குதா?

— இல்ல. காது சூடா இருக்கு.

— கையை எங்க கொண்டு போறீங்க?

— சட்டைப்பைக்கு... பழக்கம்.

— பாக்கெட் என்கிட்ட இருக்கு. சாஞ்சிருங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

— அதானே பாத்தேன். என்னடா இவ்வளவு அக்கறைன்னு.

— நம்ம பாப்பா விஷயம். ஞாயித்துக்கிழமை வெளிநாடு போறா. வேலை கிடைச்சிடுச்சு. போனா மூணு வருஷத்துக்குத் திரும்ப முடியாதாம்.

— டாக்டரம்மா, இதைக் கொஞ்சம் எடுத்தீங்கன்னா, நான் ஒரு நிமிஷம் கீழ போயிட்டு...

— அசையாதீங்க ஐயா. இப்பதான வெச்சேன். அந்த நமைச்சல் வரும். வந்துட்டு அதுவா போயிடும்.

— கேட்டீங்களா? அதுவா போயிடுமாம். சாயுங்க.

— ஆளைக் கட்டிப் போட்டுட்டுப் பேசறியா?

— கட்டிப் போடல. குத்தி வெச்சிருக்கேன். வழுக்கற துணியை ஊசி குத்தி வெக்காம தெக்க முடியுமா? ஒரு மாசமா வாயைத் திறக்கறேன். 'பாப்பா'ன்னு ஆரம்பிச்சா போதும், 'இரு, ஒண்ணு பிடிச்சுட்டு வந்துடறேன்.' எங்கம்மா போயிட்டாங்கன்னு தகவல் வந்தப்ப அதேதான். என் ஆபரேஷனுக்கு டாக்டர் விவரம் சொல்லிக்கிட்டிருந்தப்பவும் அதேதான். பாதியில எந்திரிச்சுட்டீங்க. அந்த டாக்டர் என் மூஞ்சியைப் பாத்தாரு, நான் அவரு மூஞ்சியைப் பாத்தேன்.

— அதையெல்லாம் ஏன் இப்ப...

— அவ பெட்டியோட வந்து நின்னப்பவும் அதேதான். அடுப்படித் தரையில உக்காந்து, 'அப்பா, அந்த வீட்டுக்கு இனிமே போகமாட்டேம்ப்பா, அந்த ஆளு என்னை...'ன்னு ஆரம்பிச்சா. அவ முடிக்கக்கூட இல்ல. நீங்க நெருப்புப்பெட்டியைத் தேடறீங்க.

— 'இரு, வந்துடறேன்'னுதான சொன்னேன். போன்னா சொன்னேன்?

— கட்டிக்குடுத்த பொண்ணு பெட்டியோட வந்து நிக்கறப்ப, அப்பன் எந்திரிச்சு வெளியில போனா அதுக்கு வேற என்ன அர்த்தம்?

— நீ மட்டும் என்ன. அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை வந்தப்ப, 'கொஞ்சம் பொறுத்துப் போடி'ன்னு அனுப்பி வெச்சது யாரு?

— நான்தான். இல்லைன்னா சொல்றேன்? அதனாலதான் மூணாவது தடவை என்கிட்ட சொல்லாம உங்ககிட்ட சொன்னா. அன்னிக்கு மாத்துத்துணி எடுக்க உள்ள போனேன். திரும்பி வந்து பாக்கறேன், ஆளும் இல்ல, பெட்டியும் இல்ல. நீங்க மூச்சு வாங்கிக்கிட்டு வந்து, 'எங்க அவ'ன்னு கேக்கறீங்க.

— கேட்டிருக்கக் கூடாது.

— என்ன?

— அவ போனது எனக்குத் தெரியும். படியில ஏறிக்கிட்டிருந்தேன். ரெண்டாவது மாடித் திருப்பத்துல லிஃப்ட் என்னைத் தாண்டி இறங்குச்சு. அந்த மோட்டாரை நான்தான பாத்துக்கறேன். சத்தத்துலயே தெரிஞ்சுடும், உள்ள எவ்வளவு சுமைன்னு. ஒரு ஆளு. ஒரு பெட்டி.

— தெரிஞ்சுமா...

— பட்டனுக்குப் பக்கத்துலதான் நின்னேன். சத்தம் மேலேர்ந்து வர்றப்பவே அழுத்தியிருந்தா அந்த மாடியிலயே நின்னிருக்கும். கதவு திறந்திருக்கும். திறந்தா என்ன சொல்றதுன்னு தெரியல. கையில பாதி சிகரெட்டு. அதைப் பாத்துக்கிட்டே நின்னேன்.

— இத்தனை வருஷமா இதை ஏன் சொல்லல?

— சொல்லணும்னுதான் வாயெடுப்பேன். அதுக்குள்ள எந்திரிச்சுப் போயிடுவேன்ல.

— சிரிக்காதீங்க. ஊசி ஆடுது.

— சிரிக்கல.

— ஞாயித்துக்கிழமை வருவீங்களா? ஏர்போர்ட் வாசல் வரைக்கும் வந்தாப் போதும்.

— அந்தப் பாக்கெட்லேர்ந்து ஒண்ணு எடு.

— எதுக்கு?

— பத்த வெக்க மாட்டேன். சும்மா விரல் நடுவுல வெச்சுக்கறேன்.

— இந்தாங்க. உதிருது பாருங்க, சருகு மாதிரி.

— பழைய சரக்குன்னு அப்பவே சொன்னேனே.

— நான் சட்டை தெக்கறவ. துவைக்கறதுக்கு முன்னாடி பையை வெளிப்பக்கமா திருப்பி உதறினாத்தான் எனக்கு மனசு ஆறும். ஓரத் தையல்ல எப்பவும் புகையிலைத் தூள் நிக்கும். அவ வீட்டை விட்டுப் போன அந்த வாரத்துலேர்ந்து ஒரு துணுக்கு கிடையாது. நாலு வருஷமா கிடையாது. பத்துன்னு அந்தப் பொண்ணுகிட்ட பொய் சொன்னப்ப எனக்கே நாக்கு கூசுச்சு.

— தெரிஞ்சுக்கிட்டேதான் இழுத்துட்டு வந்தியா? விட்டவனுக்கு விடற வைத்தியமா?

— சிகரெட்டை விடறதுக்கா கூட்டிட்டு வந்தேன்? எந்திரிச்சுப் போறதை விடறதுக்கு. உங்களை முக்கால் மணி நேரம் ஒரே இடத்துல உக்கார வெக்கற இடம் ஊருக்குள்ள இது ஒண்ணுதான்.

— அடிப்பாவி.

— சிகரெட்டே பிடிக்காத ஆளு, தினமும் எதுக்குக் கீழ இறங்கினீங்க? சொல்லுங்க. இன்னும் நேரம் இருக்கு.

— அன்னிக்குப் படியில கையில இருந்துச்சே, அதை மிதிச்சு அணைச்சேன். அந்தப் பாதிதான் கடைசி. அப்புறம் வாயில வெச்சாலே குமட்டுச்சு. ஆனா விட்டுட்டேன்னு சொன்னா நீ ஒண்ணு கேப்ப. அவ வர்றதுக்கு ஒரு நாள் முன்னாடி விட்டிருக்கக் கூடாதான்னு.

— கேட்டிருப்பேன்.

— அதான். அப்புறம்... நான் வெளியில போனாத்தான நீ அவகூட ஃபோன்ல பேசுவ. எனக்குத் தெரியும். முதல் வாரமே தெரியும். கீழ எல்லாம் போகமாட்டேன். உனக்குக் கேக்கட்டும்னு செருப்பைத் தட்டித் தட்டி ஒரு மாடி இறங்குவேன். அப்புறம் பூனை மாதிரி ஏறி வந்து நம்ம கதவுக்கு வெளியில நின்னுக்குவேன்.

— என்ன கேக்கும், வெளியில நின்னா?

— உன் குரல் மட்டும்தான். சாப்பிட்டியா, இருமல் விட்டுச்சா, ஹாஸ்டல்ல தண்ணி வருதா. நீ சொல்றதை வெச்சு அவ என்ன கேட்டிருப்பான்னு நானே கோத்துப்பேன். அவளுக்குக் கண்ணாடி போட்டது அப்படித்தான் தெரியும். விவாகரத்து கிடைச்சது அப்படித்தான் தெரியும். அன்னிக்கு நீ ரொம்ப நேரம் ஒண்ணுமே பேசல. ம், ம்னு மட்டும் சொன்ன. அவ அழறான்னு தெரிஞ்சுக்கிட்டேன்.

— நேரம் ஆயிடுச்சு ஐயா. ஊசியை எடுத்துடலாமா?

— இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்மா. இப்பதான் வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கு.

— சரி. அங்க தூங்கறவரை எழுப்பி அனுப்பிட்டு வர்றேன்.

— ஒரு நாளாவது அந்தக் கதவைத் தட்டியிருக்கலாம்ல?

— எதுக்கு? நாலு வருஷத்துல ஒரு தடவை, 'அப்பாகிட்டக் குடுங்கம்மா'ன்னு அவ கேட்டிருப்பாளா? கேட்டிருந்தா நீ கூப்பிட்டிருக்க மாட்டியா? கூப்பிட்டிருந்தா செருப்போட உள்ள ஓடி வந்திருப்பேன். அவ கேக்கல. கேக்காதவ முன்னாடி எந்த மூஞ்சியோட ஏர்போர்ட்ல போய் நிக்கறது? ஏன் அழற? உன்னை ஒண்ணும் சொல்லலையே.

— அழல. ஃபேன் காத்து.

— ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிபடவே இல்ல. ஃபோனை வெக்கறதுக்கு முன்னாடி தினமும் ஒண்ணு சொல்லுவியே, 'இன்னும் இல்லடி'ன்னு. அவ தினமும் எதையோ கேக்கறா. ஒரே கேள்வியைத்தான் கேக்கறா. வேலை விஷயமா, உன் உடம்பைப் பத்தியா... நானும் எதை எதையோ கோத்துப் பாத்துட்டேன். எதுதான் இன்னும் இல்ல?

— நான் கொஞ்சம் வெளியில போய் தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன்.

— உக்காரு. ஊசி எனக்குக் குத்தியிருக்கு, எந்திரிக்கறது நீயா?

— வீட்டுக்குப் போய் பேசிக்கலாம்.

— இங்கயே சொல்லு. தலையைத் திருப்பி உன்னைப் பாக்கக்கூட என்னால முடியாது. என்ன கேப்பா?

— 'அப்பா மேல வந்துட்டாரா, வந்திருந்தா ஒரு நிமிஷம் குடுங்கம்மா'ன்னு கேப்பா... கதவிடுக்குல உங்க செருப்பு நிழல் எனக்குத் தெரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும்... அன்னிக்கு அவளைப் பாதியில விட்டுட்டுப் போன மனுஷன், தானா கதவைத் தட்டிக் கேக்கட்டும்னு ஒரு வீம்பு... 'இன்னும் இல்லடி'ன்னு சொல்லிட்டு நான்தான் வெச்சுடுவேன்.