ஆம்ப்ரோஸ் என்கிற உதாரணம்

பிரசங்கம் அரை மணி நேரத்தைத் தாண்டினால் பின்வரிசையில் செல்போன்கள் வெளியே வந்துவிடும், சார். இதெல்லாம் பிரசங்கப் பாடநூல்களிலேயே இருக்கிறது. பாஸ்டர்மார்தான் படிப்பதில்லை. வேதாகமக் கல்லூரிப் பரீட்சை முடிந்ததும் எடைக்குப் போட்டுவிட்டு, மைக்கைப் பிடித்துத் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். நான் இன்றைக்கும் படிக்கிறேன்.

அதில் உதாரணங்களைப் பற்றி ஓர் அதிகாரம் உண்டு. கேட்பவர்களுக்குத் தெரிந்த மனிதனைச் சொல்ல வேண்டும். சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். ஒரு பொய் வெளிப்பட்டால், அப்புறம் நாம் வேதத்தை வாசித்தாலும் நம்ப மாட்டார்கள்.

ஜோகுபாளையத்தில் எங்கள் சபையில் எனக்குக் கிடைத்த உதாரணம் ஆம்ப்ரோஸ். ஆட்டோ ஓட்டுபவன், மொடாக்குடியன். என் பிரசங்கத்தைக் கேட்டு அழுதான். குடியை நிஜமாகவே விட்டான். அவன் மனைவி லீனா சிரித்து அப்போதுதான் பார்த்தேன். அத்திபெலே, ஓசூர் என்று கூப்பிட்ட கூட்டங்களிலெல்லாம் அவன் கதையைச் சொன்னேன். ஜனங்கள் விம்மினார்கள். அவனால்தான் எனக்குப் பெயர் வந்தது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, தனியாகப் பேச வேண்டும் என்று ஆட்டோவோடு வந்து நின்றான். ஆனேக்கல் பக்கம் கைவிட்ட கல்குவாரி ஒன்றில்தான் நான் உபவாச ஜெபம் செய்வது வழக்கம், அங்கே போனோம். பள்ளத்தில் மழைத் தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. விளிம்பில் உட்கார்ந்து, சட்டைக்குள்ளிருந்து ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்துப் பாறைமேல் வைத்தான்.

"இன்னும் தொறக்கல ஐயா. ரொம்ப பேஜாரா இருக்குது. இன்னைக்கு மட்டும் என்கூடவே இருங்க. நாளைக்கு சபையில நானே எழுந்து, இன்னும் ஜெயிக்கல, எல்லாரும் எனக்காக ஜெபம் பண்ணுங்கன்னு சொல்லிடறேன்."

வயிறு எரிந்தது, சார். எத்தனை மேடை, எத்தனை கண்ணீர். சாக்கடையோரம் கிடந்தவனைத் தூக்கி நிறுத்தினேன். என் முதுகிலேயே குத்துகிறானே என்று இருந்தது. "ஜெபிக்கலாம், கண்ண மூடு" என்றேன். மூடினான். தள்ளினேன். அவனுக்கு நீச்சல் தெரியாது. பாட்டிலைக் கொட்டிவிட்டு, ஆனேக்கலில் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து மறுநாள் பிரசங்கத்தைத் தயாரித்தேன்.

பிரேதப் பரிசோதனை முடியும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றில் சாராயம் இல்லை என்று டாக்டர் சொன்னதும் முழங்காலிட்டு ஸ்தோத்திரம் செய்தேன். அடக்கத்தன்று லீனா என் கையைப் பிடித்துக்கொண்டு, "குடிச்சிட்டா விழுந்தாரு, ஐயா?" என்று கேட்டாள். "ஒரு சொட்டுகூடத் தொடலம்மா" என்றேன். அதில் பொய் ஏதும் இல்லையே.

அவனைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எங்கள் இருவரில் நம்பிக்கைத் துரோகம் செய்தவன் அவன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், சார்.