சூசை விட்ட பந்து

— ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். பிள்ளைக்குத் தாத்தா பேரு ஏன் வேணாம்னு இன்னும் வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்குறீங்க.

— வேணாம்னா வேணாம், அனிஷா. கெவின்னு வைப்போம். நல்லாத்தான இருக்கு?

— மூத்த மகனுக்குத் தாத்தா பேரு வைக்கிறது எங்க நத்தத்துலயும் உண்டு, உங்க திண்டுக்கல்லயும் உண்டு. மாமா வாய விட்டுக் கேக்க மாட்டாரு. தொட்டில ஆட்டுறப்ப அவரு மூஞ்சியப் பாத்தீங்களா?

— சரி, நான் கேக்குறேன், சொல்லு. காலையில கிரவுண்டுப் பக்கமா வந்தோம்ல, பசங்க என்ன கத்துனாங்க?

— "ஏலே, சூசை விட்டுட்டான்டா"ன்னு. சூசைன்னு யாரோ ஒரு பயல் போலன்னு நெனச்சேன்.

— அப்படி ஒரு பயலே கிடையாது. கைக்கு வந்த கேட்ச்ச மரம் மாதிரி நின்னு விட்டா, அதுக்குப் பேருதான் சூசை. எங்க பக்கத்துல எல்லாக் கிரவுண்டுலயும் அப்படித்தான். அது யாரு பேருன்னு நெனக்கிற?

— அட ஆண்டவரே! மாமா பேரா?

— சூசைமுத்துவோட சூசையேதான்.

— எப்படிங்க?

— தொண்ணூத்தி ஒண்ணுல ஈஸ்டர் லீவுல ஒரு டோர்னமெண்ட். ஃபைனல்ல எங்க தெரு டீமும் உங்க நத்தம் டீமும். கடைசி பால், நத்தத்துக்கு ரெண்டு ரன் வேணும். பேட்ஸ்மேன் வானத்துக்குத் தூக்கி அடிச்சான். பந்து நேரா அப்பா கைக்கு இறங்குது. அந்த நேரம் பாத்து கோயில்ல சாயங்கால செப மணி.

— ஐயையோ.

— மணி கேட்டா அவரு சோத்துல கை வச்சிருந்தாலும் எந்திரிச்சு நிப்பாருல்ல? அன்னிக்கும் அப்படித்தான். சிலுவை போட்டு, கண்ண மூடிட்டாரு. பந்து கால்கிட்ட தொப்புன்னு விழுந்துச்சு.

— எனக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது.

— எனக்கு அப்ப பத்து வயசு, புள்ள. மறுநாள்ல இருந்து நான் கேட்ச் பிடிச்சாலும் சூசை, விட்டாலும் சூசை. அப்பா அதோட கிரவுண்டுப் பக்கமே போகல. இப்பக் கத்துற பசங்களுக்கு அப்படி ஒரு மனுசன் இருக்காருன்னே தெரியாது. நாளைக்கு நம்ம பயலும் பேட்டத் தூக்கிட்டுப் போவான். பேரச் சொன்னதும் கிரவுண்டே சிரிக்கும். அப்பான்னா எனக்கு உசுரு. ஆனா எம்பிள்ளைக்கு அந்தச் சிரிப்பு வேணாம்.

— மாமாகிட்ட இதச் சொன்னீங்களா?

— என்னன்னு சொல்ல? உங்க பேரு அசிங்கமா இருக்குன்னா? நேத்து அவரே வந்து, "கெவின் நல்ல பேருதாம்ப்பா"ன்னுட்டு, துணி எடுக்கப் போறேன்னு மாடிக்குப் போயிட்டாரு. கொடியில துணியே இல்ல.

— ஐயோ பாவம். இனிமே நான் சொல்லாம இருக்க மாட்டேங்க. மாமாவுக்குச் சங்கடமா இருக்கும், அந்தப் பேச்சையே எடுக்காதன்னு எங்கப்பா சொல்லியிருந்தாரு. இம்புட்டு நாளும் வாயக் கட்டிக்கிட்டு இருந்தேன்.

— எந்தப் பேச்ச?

— அந்த மேட்ச்சுப் பேச்சத்தான். மேட்ச் கதை எனக்கு முன்னாடியே தெரியும், சூசைன்னு கத்துறதுதான் புதுசு. அந்தப் பந்தத் தூக்கி அடிச்சது யாருன்னு ஞாபகம் இருக்கா?

— தாடி வச்ச ஒருத்தன். நத்தத்துக்காரன். அவன் பேரெல்லாம் எவனுக்குத் தெரியும்?

— செத்த பாத்துப் பேசுங்க. அது உங்க மாமனாரு.

— ஏய்! ஞானராஜ் மாமாவா?

— அந்த மணி அவரு காதுலயும் விழுந்துச்சாம். அவரும் கோயிலுக்குப் போறவருதான? ஆனா நிக்காம ரெண்டு ரன் ஓடிட்டாரு. கப்பத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கலையாம். உங்க சம்பந்தம் வந்தப்ப, வேற இடம் பாப்போம்னு சித்தப்பாமாருங்க அம்புட்டுப் பேரும் சொன்னாங்க. "எம்மகளக் குடுத்தா, மணிச் சத்தத்துக்குப் பந்த விட்ட அந்த மனுசன் வீட்டுலதான் குடுப்பேன்"னு எங்கப்பா ஒத்தக்கால்ல நின்னாரு.