நாணயவீரன்

இல்லக்கா, மடியிலயே இருக்கட்டும், எழுப்பாதீங்க. பஸ்ஸுல இப்புடித் தூங்குனாலும் அந்தப் புக்க வுடமாட்டா. காமிக்ஸுதான். நாணயவீரன்னு பேரு. விருத்தாசலத்துல இவ ஸ்கூல்ல குடுத்தாங்க. செவப்பு அங்கி, மூஞ்சிய மூடுன முகமூடி, பறந்து வந்து புள்ளைங்களுக்குக் காசப் பத்தி சொல்லித் தருவான்.

சிரிக்காதீங்க, நல்லாத்தான் இருந்துது. இவ உமைரா, எம்பொண்ணு, மூணாவது படிக்கிறா. கடைக்குக் கூட்டிட்டுப் போனா என்னையே நிறுத்தி வச்சுக் கேப்பா, அம்மா, இது தேவையா, ஆசையான்னு. நைட்டி எடுக்கப் போன எடத்துல, கடைக்காரரு முன்னாடியே கேட்டா. ஆசைதாண்டின்னு சொல்லி, எடுத்தத அங்கயே வச்சிட்டு வந்துட்டேன்.

யாரு போட்ட புக்கா? ஒரு சேமிப்புக் கம்பெனி. கூடவே ஒரு உண்டியலும் குடுத்தாங்க, நாணயவீரன் மூஞ்சி போட்டது, நம்மூரு பீங்கான்லயே செஞ்சது. மாசா மாசம் அந்த வேஷத்துலயே ஒரு ஆளு ஸ்கூலுக்கு வருவான். புள்ளைங்க வரிசையில நின்னு உண்டியல அவன் பையில கவுத்துடும். அதுங்க பேர்ல கம்பெனியில ஏறும், பின்னால படிப்புக்கு ஆவும்னாங்க. அன்னிக்கு வூட்டுக்கு வந்தா இவ கை கழுவ மாட்டா. நாணயவீரன் கை குடுத்தானாம்.

ம், நீங்களும் கேள்விப்பட்டீங்களா? அதே கம்பெனிதான். புள்ளைங்க நல்லாப் பழகுன பொறவு அம்மாங்களுக்கு மீட்டிங் வச்சாங்க. நகையக் குடுத்து வைங்க, பீரோல தூங்குறதுக்கு வட்டியாவது வரும்னாங்க. புள்ள சொல்லிச்சேன்னு நெறைய பேரு குடுத்தாங்க. லீவு முடிஞ்சு ஸ்கூலு தொறந்தப்ப கம்பெனி ஆபீஸு பூட்டிக் கெடந்துது.

நானா? வேப்பூரு போறேன். எங்க வூட்டுக்காரரத் தேடிக்கிட்டு. அவரும் அந்தக் கம்பெனிலதான் இருந்தாரு. துபாய்ல வேல போயி வந்து சும்மா இருந்தவரு, ஆபீஸுல கணக்கு எழுதறேன்னு சட்டைய இஸ்திரி போட்டுக்கிட்டுப் போவாரு. கம்பெனி பூட்டுன அன்னிக்கே அவரையும் காணோம். மொதலாளிங்க பண்ணதுக்கு இவரு பயந்து ஓடிட்டாரேன்னு அழுதேன். ஸ்டேஷன்ல கூப்ட்டு விசாரிச்சப்பகூட, அவருக்கு ஒண்ணுந் தெரியாது சார், சம்பளத்துக்கு இருந்தவருன்னு அடிச்சு சொன்னேன். இப்ப வேப்பூரு ரோட்டோரம் ஒரு ஓட்டல்ல பில்லு போட்டுக்கிட்டு இருக்காருன்னு தெரிஞ்ச லாரிக்காரரு ஒருத்தரு வந்து சொன்னாரு.

இவள வுட்டுட்டுதான் வரலாம்னு பாத்தேன். எங்க வுடுறா. அத்தாவ நாணயவீரன் கண்டுபிடிச்சுக் குடுப்பான், நான் கேட்டா கண்டிப்பா வருவான்னு புக்க எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டா.

நான் என்னத்த சொல்றது அவகிட்ட. போன வாரம் இவளுக்குத் துணி தேடறேன்னு பீரோ மேல இருந்த அவரு துபாய் பெட்டிய எறக்குனேன். அடியில அந்த செவப்பு அங்கி இருந்துது. முகமூடியும். உள்பக்கம் பூரா அவரு தலைக்குத் தேய்க்கிற எண்ண வாசன.

அந்த மீட்டிங்ல நானும் வளையலக் கழட்டிக் குடுத்தேங்க்கா. அந்த வேஷக்காரருதான் தட்ட நீட்டிக்கிட்டு ஒவ்வொருத்தர் முன்னாடியும் வந்தாரு. எனக்கு ஒரு வளையலு கழலல, மணிக்கட்டுல மாட்டிக்கிச்சு. அவசரப்படாம நின்னு, கொரல மாத்திக்கிட்டு, மெதுவாக் கழட்டுங்க சகோதரின்னாரு. கட்டுன பொண்டாட்டிய.

வேப்பூரு வந்துடுச்சா? அந்தப் பைய மட்டும் எடுத்துக் குடுங்கக்கா. உமைரா, எந்திரிம்மா. எறங்கணும்.