எட்டாவது வாத்து

இல்ல சார், நான் எதையும் மறைக்கலையே. பசங்க நோட்டு காலியாத்தான் இருக்கு. ஒன்றரை மாசமா ஒண்ணு ரெண்டு எழுதச் சொல்லவே இல்ல. எல்லாம் இந்த வாத்துக் கதைப் புத்தகத்துலதான். ஆமா, இந்த ஒரே புத்தகம்தான். எழுதிக்கோங்க.

முதல்ல உக்காருங்க. பெரிய நாற்காலி இந்த வகுப்புல கிடையாது, எனக்கும் இதேதான். முழங்கால் மோவாயில இடிக்கும், போகப்போகப் பழகிடும்.

நீங்க விசாரிக்க வந்த புகார்ல என்ன போட்டிருக்கு? டீச்சர் எட்டை ஏழுன்னு சொல்லிக்குடுக்குறாங்க, பள்ளிக்கூடப் புத்தகத்தையும் பாழாக்குறாங்க. அவ்வளவுதானே? சரி, பதினாலாம் பக்கம் எடுங்க. மேல என்ன அச்சடிச்சிருக்கு? எட்டு வாத்து குளத்துல நீந்துது. இப்ப எண்ணுங்க. கண்ணால இல்ல சார், விரல வச்சு எண்ணுங்க. இங்க யாரும் சிரிக்க மாட்டாங்க.

எத்தனை?

இன்னொரு தடவ எண்ணுங்க, தப்பில்ல. எங்க பசங்க நாலு தடவ எண்ணினாங்க. ஏழுதானே? படம் போட்டவரு ஒண்ண விட்டுட்டாரு. நானே மூணு வருஷமா இந்தப் பக்கத்த எட்டு எட்டுன்னு வாசிச்சிருக்கேன், ஒரு நாளும் எண்ணிப் பாக்கல. அஞ்சு வயசுப் பொண்ணு ஒருத்தி எழுந்து, டீச்சர், ஒண்ணு குறையுதுன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

அப்புறம் வகுப்பே சந்தைக்கடைதான். புல்லுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்குன்னு ஒருத்தன். தண்ணியில முங்கியிருக்குன்னு ஒருத்தி. ஒண்ணுக்குப் போயிருக்கும்னு இன்னொருத்தன். சரி, அது திரும்பி வந்துட்டா எத்தனைன்னு கேட்டேன். எட்டுன்னு கத்தினாங்க. அதுல ரெண்டு கரையேறிட்டா? ஆறுன்னாங்க. இது கணக்கு இல்லன்னா வேற எது சார் கணக்கு?

பாழாக்கினதா? அட, அது தனிக் காகிதம் சார், ஒட்டக்கூட இல்ல, கிளிப்புதான் போட்டிருக்கு. எடுத்துப் பாருங்க. பசங்க வரைஞ்ச எட்டாவது வாத்து. கால் மூணு இருக்கும். அதப் பத்திப் பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டிருக்கு.

வேலைய விட்டுத் தூக்கணுமா? தூக்குங்க. இந்தச் சம்பளத்துலதான் எங்க வீட்டு அடுப்பு பாதி எரியுது, இல்லங்கல. ஆனா எங்க போனாலும் விரல வச்சு எண்ணுன்னுதான் சொல்லுவேன்.

யாரு எழுதினதுன்னு தெரியலையா? ஒரு பெற்றோர்னு மட்டும் போட்டிருக்கா? கடுதாசியில எழுதியிருக்குற அந்த ஏழாம் நம்பரப் பாருங்க, நடுவுல குறுக்குக் கோடு. அந்த ஏழ எனக்குப் பதினோரு வருஷமாத் தெரியும். எங்க வீட்டுக் காலண்டர் பூரா அதுதான். பெரிய பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாரு. என் வீட்டுக்காரரு.

பதறாதீங்க. ஒண்ணு குறையுதுன்னு சொன்னாளே, அவ எங்க பொண்ணு. சாயங்காலம் புத்தகத்தத் தூக்கிட்டுப் போயி அப்பாகிட்டக் காட்டினா. அவரு எண்ணவே இல்ல சார். அச்சுல எட்டுன்னு இருக்கு, எட்டுன்னு சொல்லு, சொல்ற வரைக்கும் சுவரப் பாத்து நில்லுன்னுட்டாரு. கால் கடுத்து அழுதா. நானும் போயி அவ பக்கத்துலயே சுவரப் பாத்து நின்னேன். மறுநாள் தேதிதான் சார் இந்தக் கடுதாசியில.

ரெண்டு பேருமே எட்டுன்னு சொல்லல. அதையும் எழுதிக்கோங்க.