கண்ணாடிப் பெட்டியில் இருந்த கைக்கடிகாரங்கள்

சிரம்பான் போலீஸ் நிலையம், நெகிரி செம்பிலான், மலாயா. ஆகஸ்ட் 1952. வாக்குமூலம் கொடுப்பவர் வள்ளிநாயகி, வயது 37, தகப்பனார் பெயர் சன்னாசி, விதவை, பால்மரம் வெட்டும் தொழில், பெடாஸ் அருகே ரப்பர்த் தோட்டத்து லய வீட்டில் குடியிருப்பு. தமிழில் சொன்னது தமிழிலேயே எழுதப்பட்டது.

என் மகள் ராக்கம்மாவை இந்தியாவில் எங்கள் ஊரிலிருக்கும் என் அண்ணன் வீரமுத்துவின் மகனுக்குக் கட்டிக்கொடுப்பதாகப் பேச்சு. இந்த வருஷத் தொடக்கத்தில் கப்பல் ஏற அனுமதி கிடைத்த பிறகு, மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரம் வாங்கச் சிரம்பானில் அமிர்தலிங்கம் என்பவரின் கடைக்குப் போனேன். அது மளிகையும் கப்பல் பயணச் சாமானும் விற்கும் கடை. அவர் என் பயணச் சீட்டைப் பார்த்துவிட்டு, இது பினாங்கிலிருந்து வரி கட்டாமல் வந்த சாமான், ஊருக்குப் போகிறவர்களுக்கு மட்டும் இந்த விலை, நாகப்பட்டினத்தில் தன் கடை ரசீதைக் காட்டினால் அங்கேயும் வரி கேட்கமாட்டார்கள் என்றார். கெட்டுப்போனால் என்ன செய்வது என்று கேட்டேன். "சுவிஸ் சாமான் லா. ஒன் பேரன் காலத்துக்கும் ஓடும். கெட்டுச்சுன்னா கொண்டா, மாத்தித் தாறேன்" என்றார். நம்பி வாங்கினேன்.

அதன் பிறகு நாகப்பட்டினத்தில் இறங்கியதும் சுங்க அதிகாரி அந்த ரசீது இங்கே செல்லாது, வரி கட்டு, இல்லாவிட்டால் கடிகாரத்தை வைத்துவிட்டுப் போ என்றார். துறைமுகத்துக்கு வெளியே என் காதுத் தோட்டை விற்று வரி கட்டி அதை மீட்டேன்.

அதன் பிறகு நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை கையில் கட்டினோம். கல்யாணத்துக்கு முன்பே அது நின்றுவிட்டது. மாப்பிள்ளை அதைப் பழுது பார்க்கக் கொண்டுபோன இடத்தில் மூடியைத் திறந்தவர், உள்ளே இருப்பது துருப்பிடித்த பழைய இயந்திரம், கூடு மட்டும்தான் புதிது என்று நாலு பேர் எதிரில் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் அண்ணி வாசலில் நின்று, "மலாயாக்காரி பித்தளையக் காட்டி எம்புள்ளய வளைக்கப் பாத்தா. இவ மவ கழுத்துல கெடக்குறதும் பித்தளதான்" என்று தெருவே கேட்கச் சொன்னார். ராக்கம்மா சங்கிலியைக் கழற்றி, உரைத்துப் பார்க்கச் சொல்லி அவர் காலடியில் வைத்தாள். அது நல்ல தங்கம். யாரும் குனிந்து எடுக்கவில்லை. என் அண்ணன் துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். கல்யாணம் நின்றது. நானும் ராக்கம்மாவும் கப்பலில் திரும்பினோம்.

அதன் பிறகு தோட்டம் வந்து சேர்ந்து, முதல் ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துக் கம்பிவேலி வாசலில் போலீஸ் சோதனை முடித்துக் காலை பஸ்ஸில் சிரம்பான் போனேன். அமிர்தலிங்கம் கடிகாரத்தைத் தொடவே இல்லை. "கப்பல் ஏறிப் போன சாமானுக்குக் கடை பொறுப்பு இல்ல. அங்க எவன் உள்ள மாத்துனானோ? போம்மா, யாவாரத்தக் கெடுக்காத" என்றார். ரசீதைக் காட்டினேன். மாற்றித் தருவதாக அதில் எங்கே எழுதியிருக்கிறது, படித்துச் சொல் என்றார். எனக்குப் படிக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும்.

அப்போது லுக்குட் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்யும் தங்கராஜு என்பவரும் அவர் மனைவியும் ஊருக்குக் கொண்டுபோகச் சாமான் வாங்க வந்தார்கள். அமிர்தலிங்கம் என்னை விட்டுவிட்டு, பினாங்கு, வரி இல்லாத சாமான் என்று அவர்களிடம் அதே பேச்சைத் தொடங்கினார். நான் தராசிலிருந்த எடைக்கல்லை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியை உடைத்தேன். கடிகாரங்களை ஒவ்வொன்றாகப் பலகையில் வைத்து அடித்து, பிளந்ததைத் தங்கராஜுவின் மனைவியிடம் காட்டினேன். துரு கொட்டியது. அமிர்தலிங்கம் என் முடியைப் பிடித்து இழுத்தார். "பயப்படாதீங்க மொதலாளி, ஒடைக்கிறதுக்கும் வரி இல்ல" என்றேன். ஆத்திரத்தில் செய்ததாக எழுத வேண்டாம். கப்பலிலேயே முடிவு செய்திருந்தேன். அவர் மாற்றித் தந்திருந்தால் அதையும் வாங்கி உடைத்திருப்பேன்.

அதன் பிறகு போலீஸார் என்னைக் கூட்டிவந்தார்கள். ஜாமீனுக்கு வந்த, எங்கள் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி நல்லசாமி என்னிடம், "வள்ளி, அவன் காட்டுக்காரங்களுக்கு ஓட்ட போடாத டின் விக்கிறான்னு ஒரு வார்த்த சொல்லு. இந்தக் காலத்துல அது போதும். அவன் உள்ள போயிருவான், ஒன் கேசும் போயிரும்" என்றார். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகள் சாப்பாட்டைச் சேர்த்துவைக்க முடியாதபடி, விற்கும்போதே டின்னில் ஓட்டை போட வேண்டும் என்பது சர்க்கார் உத்தரவு; போடாத கடைக்காரருக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த வாக்குமூலம் எழுதும் ஐயா அவர்களும் அதையே கேட்டதால் சொல்கிறேன். நான் அப்படி எதையும் பார்க்கவில்லை. அவர்மேல் இரக்கப்பட்டு இப்படிச் சொல்லவில்லை. அந்தக் குற்றத்துக்கு அவரைப் பிடித்தால் ஊரில் பாவம் என்பார்கள், அவர் வீட்டுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அவரை யாரும் பாவம் என்று சொல்லக் கூடாது. பயணம் போகிறவர்களை ஏமாற்றியவர் என்ற பெயரோடு அவர் இதே ஊரில், இதே கடையில் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு ஜெயில் கொடுத்தாலும் சரி. கோர்ட்டில் விசாரிக்கும்போது கதவை மட்டும் சாத்த வேண்டாம்.

மேலே எழுதியது முழுவதும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னதே அதில் இருக்கிறது. அது உண்மை. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை.

வள்ளிநாயகி, இடது கைப் பெருவிரல் ரேகை.